பாலிஹவுஸ் வெள்ளரி: எந்த மாதம் நடப்போகிறீர்கள்?

கேள்வி:

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் 1,000 சதுர மீட்டரில் பாலிஹவுஸ் போட்டிருக்கிறோம். முதலில் குடைமிளகாய் வைத்தோம். இரண்டாம் போகத்தில் செடிகள் வாட ஆரம்பித்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. சரி, பயிரை மாற்றுவோம் என்று போன மாசியில் வெள்ளரி நட்டோம். விதைக்கடையில் "ஹைபிரிட், எல்லாமே பெண் பூதான் வரும், காய் கொட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னபடி கணுவுக்குக் கணு பெண் பூ வந்தது. ஆனால் பிஞ்சு விரல் நீளம்கூட வளராமல் மஞ்சளடித்து, நுனி சுருங்கி, உதிர்ந்துவிட்டது. தண்ணீர் பற்றாக்குறை என்றார் ஒருவர், போரான் பற்றாக்குறை என்றார் இன்னொருவர். இரண்டையும் கொடுத்துப் பார்த்தோம், பலனில்லை.

மறுபடியும் வெள்ளரிதான் வைக்க நினைக்கிறோம். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து மூன்று ரகம் சொல்கிறார்கள். விதை ஒன்று ஏழு ரூபாய் என்கிறார்கள். "ஒரு விதைக்கு ஏழு ரூபாயா? வயலுக்குப் போடும் விதையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கக் கூடாதா?" என்று என் மாமனார் கேட்கிறார். எந்த ரகம் வாங்கலாம்? வேர்முடிச்சைத் தாங்கும் ரகம் இருக்கிறதா? நீளமான இங்கிலீஷ் வெள்ளரி வைத்தால் கூடுதல் விலை கிடைக்குமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் தண்ணீரையும் போரானையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உங்கள் பாலிஹவுஸுக்குள் தேனீ வர வழியில்லை. பிஞ்சு உதிர்ந்தது அதனால்தான்.

வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். மஞ்சள் இதழுக்குக் கீழே மெல்லிய முள் போர்த்திய குட்டி வெள்ளரி ஒன்று, பூ விரிவதற்கு முன்பே, வடிவம் மாறாமல் இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்பு மட்டும். ஒரே கணுவில் நாலைந்து சேர்ந்து வரும். வயல் ரகங்களில் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து பெண் பூவில் சேர்த்தால்தான் அந்தக் குட்டி வெள்ளரி பருக்கும். சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கி விழும். உங்கள் பாலிஹவுஸின் பக்கவாட்டில் 40 மெஷ் வலை கட்டியிருப்பீர்கள். வெள்ளை ஈக்காகக் கட்டிய வலை தேனீயையும் வெளியிலேயே நிறுத்திவிட்டது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. பெண் பூ மட்டுமே பூப்பது ஒரு குணம். அதைக் கைனோசியஸ் என்பார்கள். மகரந்தம் சேராமலேயே காய் பிடிப்பது வேறொரு குணம். அது பார்த்தினோகார்பிக். முதல் குணம் இருந்தால் இரண்டாவதும் கூடவே இருக்கும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். வயலுக்கென்று வரும் பெண் பூ ஹைபிரிட்டுகளில் மகரந்தத்துக்காக ஆண் பூ பூக்கும் வேறொரு ரகத்தின் விதையைப் பத்துப் பதினைந்து சதவீதம் கலந்து விற்பதே வழக்கம். திறந்த வயலில், தேனீ சுற்றும் இடத்தில் அந்த விதை அருமையாகக் காய்க்கும். வலைக்குள் கொண்டுவந்தால் பூத்துப் பூத்து உதிர்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஆகவே பாலிஹவுஸுக்கு வாங்கும் பாக்கெட்டில் பார்த்தினோகார்பிக் என்ற சொல் அச்சாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சோதிக்கவும் வழி உண்டு. பத்து விதையை வெளியில் தொட்டியில் போட்டு வளர்த்து, மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றைச் சாயங்காலமே மெல்லிய துணிப்பையில் மூடிக் கட்டிவிடுங்கள். இதழ் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்ப்பதை வைத்து அந்த மொட்டை அடையாளம் காணலாம். ஐந்தாறு நாள் கழித்துப் பையை அவிழ்க்கும்போது காய் நீண்டு பருத்திருந்தால் அது உங்களுக்கு ஆகும் விதை. சுருங்கியிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செடிக்கு நாலைந்து மொட்டாவது கட்டிப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஞ்சு உதிர்வதற்கு மருந்தாகத் தேனீப் பெட்டியை உள்ளே வைக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பார்த்தினோகார்பிக் ரகத்துக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. மகரந்தம் சேர்ந்தால் காய்க்குள் விதை பிடிக்கும், நுனி மட்டும் குண்டாகும், உருவம் கோணும். மண்டியில் அது கழிவுக் கூடைக்குத்தான் போகும். அதனால் கதவோரத்தில் வயல் வெள்ளரி வைக்காதீர்கள். வலையில் கிழிசல் இருந்தால் தைத்துவிடுங்கள்.

மாமனாரின் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர மீட்டரில் மேட்டுப்பாத்திக்கு இரண்டு வரிசை வைத்தால் ஏறக்குறைய 2,200 செடி நிற்கும். விதை 7 ரூபாய் என்றால் 15,400 ரூபாய். நல்ல பராமரிப்பில் செடிக்கு மூன்று, நான்கு கிலோ எடுக்கலாம். சரியான ரகத்துக்கும் சுமாரான ரகத்துக்கும் செடிக்கு அரைக் கிலோ வித்தியாசம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 1,100 கிலோ ஆகிறது. கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் 22,000 ரூபாய். விதைச் செலவு அதிலேயே அடங்கிப்போகிறது. இந்த விதை ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், பெண் பூ மட்டுமே பூக்கும் செடியில் விதை எடுக்க மருந்து தெளித்து வலுக்கட்டாயமாக ஆண் பூ வரவழைத்து, கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆள்கூலிதான் விலை. காயில் விதை இருக்காது என்பதால் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

இனி எந்த ரகம் என்பது. உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அடுத்த நடவு எந்த மாதம் என்று எழுதவில்லை. மூன்று கம்பெனிக்காரர்களும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் மூன்று ரகங்களில் இரண்டு அங்கேயே கழிந்திருக்கும்.

வெள்ளரி பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 18 முதல் 20 டிகிரி இருந்தால் சிரித்துக்கொண்டு வளரும் பயிர். ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வருஷத்தில் பல மாதம் இது கிடைக்கிறது. ஓசூரில் அமோகமாக விளைந்த ரகம் என்று சொல்லி உங்களிடம் விற்க வருவார்கள். ஒட்டன்சத்திரம் ஓசூர் இல்லை. பங்குனி, சித்திரையில் வெளியில் 37, 38 டிகிரி அடிக்கும்போது இயற்கைக் காற்றோட்டப் பாலிஹவுஸுக்குள் அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகவே இருக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் பூ தங்காது, பிஞ்சு தானாகவே வெம்பும். பெண் பூ மட்டும் பூக்க வேண்டிய செடியில்கூட நடுநடுவே ஆண் பூ தலைகாட்டும். சூடும் நீண்ட பகலும் வெள்ளரியை ஆண் பூ பக்கம் தள்ளும் இயல்புடையவை.

உங்கள் ஊருக்கு மூன்று நடவுக் காலம் வைத்துக்கொள்ளலாம்.

ஆடிக் கடைசியில் அல்லது ஆவணியில் நடுவது. அறுவடை புரட்டாசி தொடங்கி கார்த்திகை வரை போகும், அதாவது வடகிழக்குப் பருவமழைக்குள் நுழையும். மூடாக்கு வானம், ஈரக்காற்று, விடிந்து வெகுநேரம் இலையில் தங்கும் பனித்துளி. அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட விருந்து வேண்டியதில்லை. இலை மேல் நரம்புக்குள் அடைபட்டு, கட்டம் கட்டினாற்போல் மஞ்சள் புள்ளி வரும். காலையில் இலையைத் திருப்பினால் அதே இடத்தில் ஊதா கலந்த சாம்பல் பூச்சு தெரியும். ஒரு வாரத்தில் தோட்டமே தீய்ந்த மாதிரி ஆகிவிடும். இந்தக் காலத்துக்கு அடிச்சாம்பல் தாங்கும் சக்தி உள்ள, இலை சிறியதாக, கணுவிடை சற்று நீண்டு காற்று புகும்படி வளரும் ரகம் வேண்டும். அடர்த்தியாகப் பெரிய இலை விடும் ரகம் படத்தில் அழகாக இருக்கும், ஐப்பசியில் அழ வைக்கும்.

கார்த்திகைக் கடைசி, மார்கழியில் நடுவது இரண்டாவது. உங்கள் ஊரில் வெள்ளரிக்கு இதுவே பொற்காலம். இரவு குளிர்ச்சி, பகல் வெயில். தை, மாசியில் காய் குவியும். இந்தக் காலத்துக்குக் கணுவுக்கு இரண்டு மூன்று காய் பிடிக்கும் ரகத்தைத் துணிந்து வைக்கலாம். செடியால் சுமக்க முடியும். கவனிக்க வேண்டியது சாம்பல் நோய். அடிச்சாம்பலுக்கு இலை நனைய வேண்டும். சாம்பல் நோய்க்கு நனையத் தேவையில்லை. காய்ந்த இலையிலேயே மாவு தூவினாற்போல் வெள்ளை வட்டங்கள் விழும். நல்ல பாலிஹவுஸ் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதைத் தாங்கும் குணம் இப்போது இருக்கிறது. இல்லாத ரகத்தை இந்த மாதத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

மாசி, பங்குனியில் நடுவது மூன்றாவது. விலை நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஆசைப்படும் நடவு, நீங்கள் போன முறை செய்ததும் இதுதான். இதற்குச் சூட்டிலும் கொடி தளராமல் வீரியமாக ஓடும், கணுவுக்கு ஒன்று அல்லது இரண்டு காய் மட்டும் பிடிக்கும் ரகமே சரி. கணுவுக்கு நாலு காய் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வெயிலில் அந்த நாலில் மூன்று வெம்பி, செடியும் சோர்ந்துவிடும். வெள்ளை ஈயும் இலைப்பேனும் பெருகும் காலம் என்பதால் வைரஸ் தாங்கும் குணத்தையும் கேட்டு வாங்குங்கள். 50 சதவீத நிழல்வலையை உச்சி வெயிலுக்கு மட்டும் இழுத்துவிடும் வசதி இருந்தால் இந்த நடவைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த மாதங்களில் நிலத்துக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நீளமான இங்கிலீஷ் வெள்ளரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாலிஹவுஸ் வெள்ளரியில் இங்கே முக்கியமாக இரண்டு இனம். ஒன்று ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் வளர்க்கும் நீள இனம். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளும், ஒரு காயே முந்நூறு, நானூறு கிராம் வரும். தோல் காகிதம் மாதிரி மெல்லியது. பறித்த சில மணி நேரத்தில் தண்ணீர் இழந்து துவளத் தொடங்கும். அதனால்தான் வெளிநாட்டுக் கடைகளில் ஒவ்வொரு காயையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைக்கிறார்கள். அந்த வசதியும், குளிர்வண்டியும், தினமும் எடுத்துக்கொள்ளும் நட்சத்திர ஹோட்டலும் உங்களுக்கு இருக்கிறதா? சாக்கில் அடைத்து மண்டியில் இறக்கப்போகிறீர்கள் என்றால் இதை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, பெய்த் ஆல்பா இனம். இஸ்ரேலில் அந்தப் பெயருள்ள கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணையில் உருவானது. பதினான்கு முதல் பதினெட்டு சென்டிமீட்டர் நீளம், நூறு, நூற்றைம்பது கிராம் எடை, வழவழப்பான கரும்பச்சைத் தோல், தோல் சீவாமலே கடிக்கலாம். மேற்கு ஆசியாவின் சூட்டுக்குப் பழகிய இனம் என்பதால் நம் ஊருக்கும் ஒத்துப்போகிறது. இந்தியப் பாலிஹவுஸ்களில் இன்று பெரும்பாலும் இதுதான் நிற்கிறது. என் சிபாரிசும் இதுவே.

ஆனால் விதை வாங்குவதற்கு முன்னால், உங்கள் காயை யார் வாங்கப்போகிறார் என்று ஒட்டன்சத்திரம் மண்டியில் ஒரு நாள் நின்று கேட்டு வாருங்கள். கையில் ஒரு மாதிரிக் காய் இருந்தால் இன்னும் நல்லது. அந்த மார்க்கெட்டிலிருந்து பெரும்பகுதி கேரளாவுக்கு ஏறுகிறது. சாம்பாருக்கும் விஷுக் கணிக்கும் அங்கே கேட்கும் வெள்ளரி முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது, உங்கள் பயிரே வேறு. கரும்பச்சை வெள்ளரியைச் சாலட் வெள்ளரி என்று அவர்கள் தனியாக வாங்குவார்கள். நம் ஊர்க்காரர்களோ இளம்பச்சை, வெள்ளை கலந்த நாட்டுக் காய்க்குப் பழகியவர்கள். வெயில் காலத்தில் வயல் வெள்ளரி சாலையோரத்தில் குவியும்போது உங்கள் பாலிஹவுஸ் காய்க்கு ஏன் கூடுதல் விலை தர வேண்டும் என்று கமிஷன்கடைக்காரர் கேட்பார். அதற்குப் பதில் சூப்பர் மார்க்கெட்டிலும் ஹோட்டலிலும்தான் கிடைக்கும். அவர்களுக்கு ஒரே அளவு, ஒரே நிறம், வருஷம் முழுக்க வரத்து வேண்டும். அவர்களோடு பேச்சு முடிந்த பிறகு, அவர்கள் கேட்கும் நீளத்துக்குப் பொருந்தும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வு செய்த ரகம் எவ்வளவு நல்லதானாலும் தினமும் காலையில் பறிக்காவிட்டால் பயனில்லை. வெயில் நாளில் ஒரு நாள் விட்டால் காய் தடித்துப்போகும். பறித்ததைத் தக்காளி, வாழைப்பழக் கூடையோடு சேர்த்து வைத்தால் மஞ்சளாகிவிடும். பிரிட்ஜ் போன்ற கடுங்குளிரும் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து அழுகும்.

கசப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அட்டையில் கசப்பில்லாத ரகம் என்று பார்ப்பீர்கள். பல பாலிஹவுஸ் ரகங்களில் கசப்புச் சத்தே உருவாகாதபடி செய்திருக்கிறார்கள். தின்பவர்களுக்கு நல்லது. சிலந்திப்பூச்சிக்கும் நல்லது! கசப்பு அந்தப் பூச்சிக்கு எதிரான செடியின் ஆயுதம். அதைப் பிடுங்கிவிட்டால் சிலந்தி தாராளமாகக் குடியேறும். கசப்பில்லாத ரகம் வைத்தால் வறண்ட மாதங்களில் இலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதை வாராந்திர வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

விதைக் கம்பெனிகளின் அட்டையில் நோய்களுக்கு எழுத்துக் குறியீடு போட்டிருப்பார்கள். அதில் எச்.ஆர். என்றால் நல்ல எதிர்ப்பு, ஐ.ஆர். என்றால் ஓரளவு தாங்கும் என்று பொருள். ஓரளவு தாங்குவதை முழு எதிர்ப்பு என்று விற்பனையாளர்கள் சொல்லிவிடுவார்கள். அடிச்சாம்பலுக்குப் பெரும்பாலும் ஐ.ஆர். மட்டும்தான் கிடைக்கும், அப்படியென்றால் மருந்து குறையுமே தவிர நிற்காது. பட்டியல் நீளமாக இருப்பதை வைத்தும் மதிப்பிடாதீர்கள். குளிர்நாட்டில் காயில் சொறி உண்டாக்கும் ஒரு பூஞ்சைக்கு எதிர்ப்பு இருப்பதைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் ஊரில் அந்த நோய்க்கு வேலையே இல்லை. சாம்பல், அடிச்சாம்பல், வெள்ளரித் தேமல் வைரஸ், இந்த மூன்றும் முதலில் இருக்கிறதா பாருங்கள். பச்சைத் திட்டுத் தேமல் வைரஸ் விதை வழியாகவும் வரும், கவாத்துக் கத்தி வழியாகவும் பரவும். அதற்குப் பரிசோதித்த விதைதானா என்று கேளுங்கள். தக்காளியிலிருந்து வெள்ளரிக்கும் தாவிவிட்ட நியூடெல்லி இலைச்சுருட்டை வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவுகிறது. அதற்கு உங்கள் வலைதான் ரகம்.

இப்போது நூற்புழு உண்டாக்கும் வேர்முடிச்சு. இதைத் தாங்கும் வெள்ளரி ரகம் எதையும் நம்பி விதை வாங்காதீர்கள், அப்படிச் சொல்லி விற்பவரையும் நம்பாதீர்கள். குடைமிளகாயைவிட வெள்ளரி நூற்புழுவுக்கு இன்னும் இனிப்பு. பயிரை மாற்றியதால் நீங்கள் தப்பிக்கவில்லை, புழுவுக்குப் பலகாரம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். போன முறை வெள்ளரி வேரைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அங்கேயும் முடிச்சு தெரிந்திருக்கும். பூசணி வேரில் ஒட்டுக்கட்டிய வெள்ளரி நாற்று என்று சிலர் கொண்டுவருவார்கள். வாடல் நோய்க்கு அது நல்ல வழி, செடியும் வீரியமாக வரும். நூற்புழுவைப் பூசணி வேரும் தடுப்பதில்லை. கூடுதல் பலத்தால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

அதனால்தான் மாசி நடவை இந்த ஒரு வருஷம் விட்டுவிடலாம் என்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாளால் மண்ணோடு ஒட்டி மூடி, ஓரத்தை மண் போட்டு அடைத்து, ஐந்தாறு வாரம் விடுங்கள். பாலிஹவுஸ் கதவையும் சாத்திவிட்டால் உள்ளே சூடு இன்னும் ஏறும். பிறகு வேப்பம்புண்ணாக்கில் பர்ப்பூரியோசிலியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடி வைத்துப் பெருக்கி, பாத்தியில் இடுங்கள். இவ்வளவு செய்த பிறகும் முடிச்சு விடவில்லை என்றால் மண்ணையே விட்டுவிடலாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவுப் பைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உப்பு கழுவிய பையாகக் கேட்டு வாங்கி, கீழே விரிப்புப் போட்டு, அதில் நடலாம். உரநீரைத் தினமும் அளந்து கொடுக்க வேண்டிய வேலை கூடும். அதற்கு நேரமில்லாதவர்கள் பையைத் தொடக்கூடாது.

பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தனியார் ரகங்களில் மல்டிஸ்டார், ஹில்டன், கியான், ஐசாட்டிஸ் என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். எல்லாம் மகரந்தம் வேண்டாத ரகங்கள். ஆராய்ச்சித் திடல்களில் பலமுறை வைத்துப் பார்த்தவை. கம்பெனிகள் பழைய ரகத்தை நிறுத்திவிட்டுப் புதிதை இறக்கிக்கொண்டே இருப்பதால் இன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். அரசு ரகங்களில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா பார்த்தினோகார்பிக் குக்கும்பர்-6, பந்த்நகர்ப் பல்கலைக்கழகத்தின் பந்த் பார்த்தினோகார்பிக் கீரா-2, கீரா-3 ஆகியவை இருக்கின்றன. பூசா ரகம் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். ஆனால் வடஇந்தியச் சமவெளியின் குளிர்காலத்துக்கென்று உருவாக்கியது அது. உங்களிடம் வைத்தால் மார்கழி நடவில் மட்டும் வைத்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்து வானிலையில் பிறந்தது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.பி.சி.எச்.-1 என்ற ஹைபிரிட். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் வளர்த்தெடுத்தது என்பதால் உங்கள் ஆவணி நடவில் இரண்டு வரிசைக்காவது இடம் கொடுக்கலாம்.

அந்த இரண்டு வரிசைதான் நான் உங்களைச் செய்யச் சொல்லும் முக்கிய வேலை. 2,200 செடியையும் ஒரே ரகத்தில் வைக்காதீர்கள். 1,800 செடி உங்கள் மனசுக்குப் பிடித்த ரகம், மீதியில் இருநூறு, இருநூறாக வேறு இரண்டு. கம்பெனிக்காரர்களிடமே மாதிரி விதை கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். மாதிரி வரிசைகளை ஓரத்தில் தள்ளாமல் நடுவில் வையுங்கள். ஓரத்து வரிசைக்கு வெளிச்சமும் காற்றும் வேறு, ஒப்பிட முடியாது. பறிக்கும்போது ரகத்துக்கு ஒரு கூடை. ஒரு நோட்டில் மூன்று கட்டம்: முதல் முப்பது நாள் பறித்த எடை, மொத்த எடை, கோணல் காய் என்று கழித்த எடை. மொத்தத்தில் முந்துகிற ரகம் சில சமயம் முதல் மாதத்தில் பின்தங்கியிருக்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது காய் தராத ரகத்தால் உங்களுக்கு என்ன லாபம்?

எந்த ரகமானாலும் வளர்ப்பில் ஒன்றைத் தளர்த்தாதீர்கள். ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றி, முதல் ஐந்தாறு கணுவரை வரும் பூவையும் பக்கக் கிளையையும் கிள்ளி எறியுங்கள். பெண்கள் வேலைக்கு வந்தால் "ஐயோ, காயை ஏன் கிள்ளச் சொல்கிறீர்கள்" என்று கை தயங்கும். கிள்ளாத செடி கீழேயே நாலு காயைச் சுமந்துகொண்டு மேலே ஏறாமல் நின்றுவிடும். ரகம் சரியில்லை என்று பழி விழும் தோட்டங்களில் பாதி இந்தக் கதைதான்.

திண்டுக்கல் போகும் வழியில் ரெட்டியார்சத்திரத்தில் தோட்டக்கலைத் துறையின் இந்தோ–இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. உங்கள் ஊர் வெயில், உங்கள் ஊர்க் காற்று. விதை வாங்கும் முன் ஒருமுறை போய், நீங்கள் நடப்போகும் மாதத்தைச் சொல்லிப் பேசுங்கள். நாற்று எங்கே வாங்கினாலும் இரண்டு நிஜ இலை வந்த, பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் நாற்றாக வாங்குங்கள். குழித்தட்டில் வேர் சுருண்டு போன முதிர்ந்த நாற்றை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விதைப் பாக்கெட்டைக் கிழிக்கும்போது லாட் எண்ணும், பரிசோதனைத் தேதியும் உள்ள பக்கத்தைக் கிழிக்காமல் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பார்த்தினோகார்பிக் என்று விற்ற விதை மறுபடி பிஞ்சை உதிர்த்தால் உங்கள் வட்டார விதை ஆய்வாளரிடம் காட்ட அந்த இரண்டும் வேண்டும்.